தானாகச் சாவி இறங்கிய பெட்டி

உள்ளங்கை அகலமுள்ள மஞ்சள் சீட்டு அது. கறுப்பு மையில் ஐந்து வரிகள். மலாயாவின் ஈப்போ நகரில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் அடித்து வாங்கி, கிராமபோன் பெட்டியின் மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி உட்புறத்தில் கோந்து தடவி ஒட்டினோம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றவும் என்பது முதல் வரி. குழலுக்குள் துணி அடைக்க வேண்டாம் என்பது இரண்டாவது. மூன்றாவது வரி இப்படி இருந்தது: ‘பாட்டு முடிந்ததும் மீதிச் சாவியை முழுவதும் இறங்கவிட்டு, அதன்பின் பெட்டியை மூடவும்.’ ஐந்து வரிகளையும் எழுதியவள் நான். எழுத்துப் பிழை இல்லை. சொன்ன செய்தியிலும் பிழை இல்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அவரும் அவர் கணவரும் வேலையை விட்டு நாகப்பட்டினம் கப்பலேறிப் போய் ஒரு வருடம் ஆகிறது. இனி இதை எழுதினால் அவருக்குத் தொல்லை எதுவும் வராது.

நான் முதலில் தையல் மெஷின்காரி. பினாங்கில் மூன்று மாதம் தங்கி மெஷினைப் பிரித்து மாட்டவும், வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் பயிற்சி பெற்றேன். பிறகு ஊர் ஓரத்துச் சிலிபினில் பெற்றோரோடு இருந்துகொண்டு ஈப்போவில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். எங்கள் முதலாளி கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம். கடையின் ஒரு பாதியில் தையல் மெஷின், மறு பாதியில் கிராமபோன். மெஷின்கள் போன இடத்தில் ஒழுங்காக இருந்தன. கிராமபோன்கள்தாம் ஸ்பிரிங் அறுந்து திரும்பி வந்துகொண்டேயிருந்தன. கைப்பிடியைச் சொருகிச் சுற்றுவதை எங்கள் பக்கம் சாவி கொடுப்பது என்பார்கள். ஜனங்கள் அளவு தெரியாமல் சாவி கொடுக்கிறார்கள் என்று சிங்கப்பூர் ஏஜெண்டு எழுதியிருந்தார். முதலாளிக்கு அதில் நம்பிக்கையில்லை. “அவன் சிங்கப்பூர்ல நாற்காலியில உக்காந்துக்கிட்டு எழுதுறான். நீ நேரா போய்ப் பாரு புள்ள. நான் போனா வாசல்லயே நிப்பாட்டி டீ குடுத்து அனுப்பிருவாங்க. ஒன்னைய அடுப்படி வரைக்கும் விடுவாங்க” என்றார்.

அதற்காக ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். எனக்குக் கட்டம் போட்டால்தான் யோசிக்க வரும். பெட்டியை யார் திறக்கிறார்கள், யார் சாவி கொடுக்கிறார்கள், எத்தனை சுற்று, சத்தம் அதிகமானால் என்ன செய்கிறார்கள், எப்படி நிறுத்துகிறார்கள், எந்த நிலையில் மூடி வைக்கிறார்கள் என்று ஆறு கட்டங்கள். வீட்டுக்காரர் பெயரை எழுதாமல் எண் மட்டும் போட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி கேட்பதைவிட ஒரு பாட்டு வைக்கச் சொல்லி ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதே பயன் தந்தது. கேட்டால் எல்லாரும் சரியாகத்தான் செய்வதாகச் சொல்வார்கள். வைக்கச் சொன்னால் வேறு கதை தெரியும். ரயில்வேக்காரர் ஒருவர் வீட்டில் பழைய ஊசியை அம்மியில் தீட்டி மறுபடி போட்டார்கள். வட்டிக்கடைக்காரர் ஒருவர் தாம் பேசும்போது சத்தம் குறைய வேண்டுமென்று குழலுக்குள் துண்டைத் திணித்தார். துண்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ள, ஒரு வாரம் பாட்டு முனகலாகவே வந்ததாம். ஒரு வீட்டில் மாமியாருக்குப் பாட்டுப் பிடிக்காவிட்டால் ஓடும் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிடுவார். நிறுத்துவதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது என்று நான் காட்டியபோது, “எனக்கு எதுக்கு அதெல்லாம், கை இருக்குல்ல” என்றார்.

விடை தாளின் கடைசிக் கட்டத்தில் கிடைத்தது. மூடி வைக்கும் முன் அநேகமாக எல்லா வீட்டிலும் மறுபடி முழுச் சாவி கொடுத்து வைத்தார்கள். இறுகச் சுருண்ட ஸ்பிரிங் ராப்பகலாக அப்படியே கிடந்தால் நாளடைவில் அறுந்துதான் போகும். ஏன் அப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: வெறுமையாக விடக்கூடாது. அரிசிப்பானையை அடிவரை வழிக்க மாட்டார்கள், குடத்தைக் காலியாகக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். வீட்டுக்குள் வந்த பாட்டுப் பெட்டியை மட்டும் எப்படி வெறுமையாக விடுவார்கள்? ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன் முழுச் சாவி கொடுத்து, மறுநாள் எடுக்கும்வரை அப்படியே வைத்திருந்த வீடும் உண்டு. சிங்கப்பூர்க்காரருக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

ஏழாவது வீடு தாப்பா என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணியின் வீடு. தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். அவரிடமிருந்து வந்த புகார் மற்றவர்களுடையதைப் போல இல்லை. ஸ்பிரிங் அறுந்தது என்று அவர் சொல்லவில்லை. இரவு முழுச் சாவி கொடுத்து மூடி வைத்தால் மறுநாள் மாலைக்குள் தானாக இறங்கிவிடுகிறது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். “தானா எப்படிப் புள்ள எறங்கும்? ஜின்னு வந்து கேட்டுட்டுப் போவுதா?” என்று முதலாளி சிரித்தார். தாப்பாவுக்கு மெஷின் ஏற்றிப் போகும் கடை லாரியில் என்னை அனுப்பினார். வழியெல்லாம் லாரிக்கார அண்ணன், படித்த பெண்களை அழைப்பதுபோல ‘மிஸி’ என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். “நான் மூட்டை தூக்குறேன், நீங்க பாட்டுக் கேக்குறீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மொதலாளி. நல்ல நியாயம்லா மிஸி!”

கிராணியார் ஆபீஸில் இருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வெயிலில் வந்தவளுக்கு முதலில் மோர் கொடுத்தார். நான் அவரை அக்கா என்றேன். பெட்டி முன்னறையில் பூவேலை செய்த துணியால் மூடியிருந்தது. கைப்பிடி அதில் இல்லை. “அது அவுக ஆபீஸ் மேசையில பூட்டி இருக்கும் மிஸி. பொம்பளைங்க கண்டபடி சாவி குடுத்தா உள்ள அறுந்துரும்னு ஒங்க கடையில சொல்லி அனுப்புனாங்களாம். சாயங்காலம் வரும்போது பையில எடுத்துட்டு வருவாக. பாட்டுக் கேட்டு முடிச்சுட்டு, வெறுமையா விடக்கூடாதுன்னு நாந்தான் சொன்னேன், அதனால ஒருதரம் முழுசா சுத்தி வச்சுருவாக. காலையில பிடியைக் கையோட கொண்டு போயிருவாக.” பகலில் யார் தொடுவார்கள் என்று கேட்டேன். யாரும் தொடமாட்டார்கள் என்றார்.

நான் துணியை விலக்கிப் பார்த்தேன். பெட்டியின் ஓரங்களில் செம்மண் தூசி மெல்லப் படிந்திருந்தது. தட்டை நிறுத்தி வைக்கும் தடுப்பின் முனை மட்டும் நாள்தோறும் ஒரு விரல் பட்டதைப் போலப் பளபளத்தது. அந்த முனையையே பார்த்தேன். அக்காவும் அதையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். “கண்டுபுடிச்சிட்டீங்களா! ஆறு மாசமா அவுக பேய்னு நெனைக்கிறாக, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு நெனைக்கிறாக. என்னைய மட்டும் நெனைக்கல.”

சாவி கொடுக்க முடியாதவர், ஏற்கெனவே கொடுத்து வைத்த சாவியைச் செலவழித்திருக்கிறார். எனக்கு அது ஒரு கணக்கின் விடையைப் போல உடனே பிடித்துவிட்டது. நடுப்பகலில் வெளிவாசலைத் தாழிட்டுவிட்டுத் தடுப்பை விலக்குவார். முழுச் சாவிக்கு ஒரு பக்கம் முழுவதும் ஓடும். மீதியில் இன்னொரு பாதி ஓடும். அக்கா தினமும் ஒரே தட்டை, ஒரே பக்கத்தைத்தான் வைத்தார். முருகனை மலையிலிருந்து இறங்கி வரச் சொல்லி ஒரு பெண் பாடிய பாட்டு. கல்யாணத்துக்கு முன் அக்கா ஊர்க் கோயிலில் பாடியிருக்கிறார். இங்கே வந்த பிறகு பாட்டு நின்றுபோயிற்று. கிராணியார் முரடர் அல்ல. பாட்டைக் கேட்பது கௌரவம், வீட்டுப் பெண் பாடுவது கௌரவக் குறைவு என்று அவர் காலத்து மனிதர்கள் நினைத்ததை அவரும் நினைத்தார், அவ்வளவுதான். “ஒரே ஒரு பாட்டாச்சும் முழுசா என்கிட்ட இருக்கணும் மிஸி. வேற ஒண்ணும் வேணாம்” என்றார் அக்கா.

எனக்காக அன்று பாட்டு வைத்தார். முதல் முறை ஓடும்போது உதடு மட்டும் அசைத்தார். இரண்டாம் முறை கூடவே பாடினார். கனமான குரல். தட்டில் இருந்த பெண்ணின் குரலைவிட எனக்கு அது பிடித்திருந்தது. பாதியில் சாவி தளர்ந்து பாட்டு கீழே கீழே இறங்கிக் கரகரத்தது. அக்காவும் விடாமல் அதோடு கீழே இறங்கிப் போய், “இந்த எடத்துல சாமிக்குத் தூக்கம் வந்துரும். அப்புறம் எங்க வந்து மலையை விட்டு எறங்குறது!” என்றார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். முதல் பாதி பாடமாகிவிட்டது, பின்பாதி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் காதில் விழுகிறது, அதனால் தங்கவில்லை என்றார். இரண்டாம் முறை வைக்கும்போது ஊசியைத் தட்டின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தால் பின்பாதியே ஓடும் என்று காட்டிக்கொடுத்தேன். தட்டு கீறிவிடும் என்று பயந்து அவர் அதுவரை அப்படிச் செய்து பார்த்ததில்லை. ஊசியை எப்படி மெதுவாக இறக்குவது என்று இரண்டு முறை பழக்கினேன். நான் அவருக்குச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

கிளம்பும்போது அக்கா என் தாளைப் பார்த்தார். “இதை எழுதிப் போட்ராதீங்க மிஸி.” எழுத மாட்டேன் என்றேன். சொன்னபடியே செய்தேன். ஏழாவது வீட்டுக்கு நேரே, ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை, சாவி இறங்கும் காரணம் தெரியவில்லை என்று எழுதினேன். நான் அறிந்து எழுதிய முதல் பொய் அது. ஒரு மனுஷியின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டு நிம்மதியாக ஊர் திரும்பினேன்.

பதினான்கு வீடுகள் முடிந்ததும் முதலாளி தாளைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். “பெட்டியோட இங்கிலீஷ்ல அச்சடிச்சு வர்ற புஸ்தகத்த யாரு படிச்சா? நம்ம பாசையில நாலு வரி எழுதிக் குடு, எல்லாப் பெட்டியிலயும் ஒட்டிருவோம்” என்றார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி ஓடிவந்தது. மூன்றாவது வரிக்கு வந்தபோது பேனா நின்றது. மீதிச் சாவியை இறங்கவிடச் சொன்னால் ஸ்பிரிங்குகள் பிழைக்கும். ஏழாவது வீட்டில் மறுநாள் பகலுக்கு ஒன்றும் மிஞ்சாது. எனக்கு இது பிறகு தெரிந்ததல்ல, அப்போதே தெரிந்தது. பிறகு தெரிந்தது என்று சொல்லிக்கொள்ள வழியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். தாளின் ஓரத்தில் ஒரு பக்கம் மற்ற வீடுகளையும் ஒரு பக்கம் ஏழாவது வீட்டையும் எழுதிப் பார்த்தேன். ஒருபுறம் நீளமாக இருந்தது. நீளமான பக்கத்தின்படி எழுதினேன். இப்படி இரண்டு பக்கமாகப் பிரிப்பதுதான் நேர்மை என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலையும் எனக்கே வந்தது. தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணியிருக்கும். கிராணியார் குளித்து, திருநீறு பூசி, முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி அவர் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. சீட்டை ஒட்டியதும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தார். “பாத்தியா? வெறுமையா விடக்கூடாது வெறுமையா விடக்கூடாதுன்னு நீ சொல்லிச் சொல்லித்தான் பெட்டி கெட்டுப்போச்சு. மிஸி படிச்சவங்க, எவ்வளவு வெளக்கமா எழுதியிருக்காங்க பாரு” என்று உள்பக்கம் திரும்பிச் சொன்னார். அக்கா உள்கதவருகே நின்றிருந்தார். கிராணியார் அப்போதே செய்து பார்க்க விரும்பினார். முழுச் சாவி கொடுத்து ஒரு பக்கம் வைத்தார். பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டுத் தட்டை ஓடவிட்டார்.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி இல்லாமல், சத்தமில்லாமல், தட்டு சுற்றிக்கொண்டேயிருந்தது. நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தின் எழுத்துகள் முதலில் வெறும் வளையமாகத் தெரிந்தன. பிறகு மெல்ல மெல்ல எழுத்தாயின. பழக்கதோஷத்தால் நான் சுற்றுகளை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. பாட்டின் பின்பாதி ஓடுவதற்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். தட்டு நின்றது. கிராணியார் திருப்தியாகத் தலையசைத்து மூடியைச் சாத்தினார். அக்கா என்னைப் பார்த்து, “மிஸி எழுதினதா? நல்லாருக்கு” என்றார். குரலில் கோபமில்லை. காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனார். காப்பி வந்தது. அதைக் கொண்டுவந்தது சாயங்காலம் மட்டும் வரும் வேலைக்காரம்மா.

திரும்பும் வழியில், லாரி தாப்பாவைத் தாண்டிய பிறகுதான், கடையில் உதிரிக் கைப்பிடிகள் கிடப்பது என் நினைவுக்கு வந்தது. பெட்டியோடு வந்தவற்றில் மிஞ்சியவை. ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அக்கா கையில் கொடுத்திருந்தால் போதும். தபாலில் அனுப்ப முடியாது. தோட்டத்துத் தபாலையெல்லாம் உடைப்பவர் கிராணியார். அடுத்த முறை போகும்போது கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை நான்கு மாதம் கழித்து வந்தது. இடையில் கிராணியாரிடமிருந்து நன்றிக் கடிதம் ஒன்று வந்தது. தங்கள் ஆலோசனைப்படி நடந்ததில் பெட்டியின் கோளாறு முற்றிலும் நீங்கிவிட்டது, இப்போது சாவி தானாக இறங்குவதில்லை என்று எழுதியிருந்தார். முதலாளி அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். அந்தச் சுவர்ப் பக்கம் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது இரட்டை ஸ்பிரிங் வைத்த பெட்டிகள் வருகின்றன, அவை அவ்வளவு சீக்கிரம் அறுவதில்லை. சீட்டு ஒட்டுவதையும் நிறுத்திவிட்டோம்.

நான்கு மாதம் கழித்து அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தவரின் வீட்டில் தையல் மெஷின் பழுதென்று போனேன். வேலையை முடித்துவிட்டு நடுப்பகலில் கிராணியார் வீட்டுப் பின்பக்கமாக நடந்தேன். தூரத்திலேயே பாட்டுக் கேட்டது. ஆனால் அந்தக் குரல் ஒரு கணம் சிறுமியைப் போலக் கீச்சிட்டது, மறுகணம் கிழவியைப் போல இழுத்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா பெட்டியைத் தூக்கி வந்து தரையில் வைத்திருந்தார். மூடி திறந்திருந்தது. வலக்கை ஆள்காட்டி விரலைத் தட்டின் நடுக் காகிதத்தில் ஊன்றி, மாவாட்டுவதைப் போலத் தாமே சுற்றிக்கொண்டிருந்தார். இடக்கை தொடையில் தாளம் போட்டது. என்னைக் கண்டதும் விரலை எடுத்துவிட்டார்.

“வாங்க மிஸி. சீட்டு ஒட்ட வந்தீங்களா?”

இல்லை, டிரெசர் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டே பின்கதவு வழியாக உள்ளே போனேன். பாட்டு முழுவதும் பாடமாகிவிட்டதா என்று கேட்டேன். “பாடம் எங்கிட்டு வர்றது? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி ஓடுது. கை வலிச்சா சாமி அழுவுறாரு, பயந்து வேகமா சுத்துனா ஓடிப் போறாரு. நெசப் பாட்டு எப்படி இருந்துச்சுன்னே மறந்து போச்சு. சாயங்காலம் அவுக வைக்கும்போது கேட்டுச் சரி பண்ணிக்கலாம்னா, அவுகளுக்கு இந்தப் பிளேட்டு அலுத்துப் போச்சு” என்றார். விரலின் நுனி சிவந்து தடித்திருந்தது.

நான் பையிலிருந்து கைப்பிடியை எடுத்து நீட்டினேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். அக்கா அதைப் பார்த்தார். கை கொஞ்சம் முன்னால் வந்தது. பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“வேணாம் மிஸி.”

“அவருக்குத் தெரியாதுக்கா. அரிசிப்பானைக்குள்ள வச்சுக்கலாம்.”

“அப்பவும் தெரியாமத்தான் இருந்துச்சு.” பிறகு ஒரு குழந்தைக்கு விளக்குவதைப் போல மெதுவாகச் சொன்னார். “ஒங்க மேல கோவமில்ல. நீங்க நல்லவங்க. ஆனா ஒங்க கையில இருந்து ஒண்ணு வந்தா, அது பின்னாடியே ஒரு காயிதம் வருது. இந்த வெரலு என்னோடது. இதுக்குக் காயிதம் வராது.”

அப்படி எதுவும் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சென்ற முறை எழுத மாட்டேன் என்று சொன்னதும் நான்தான், எழுதாமல் இருந்ததும் நான்தான், ஆனாலும் காகிதம் வந்துவிட்டது. அக்கா எழுந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார், லாரியில் தின்னச் சொன்னார். அம்மா அப்பா நலமா என்று கேட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை வளையும் இடத்தில் நின்றேன். அங்கிருந்து வீட்டின் பின்கூரை தெரிந்தது. மத்தியானம் மரங்கள் அசைவற்று நின்றன, சின்னச் சத்தமும் தெளிவாகக் கேட்கும் நேரம். பாட்டு எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. சாலையில் லாரிக்கார அண்ணன் ஹாரன் அடித்தார். மேலும் கொஞ்சம் நின்றேன். நான் போய்ச் சேர வேண்டும், லாரி கிளம்ப வேண்டும், அதன் சத்தமும் ஓய வேண்டும், அதுவரை தட்டைத் தொடக்கூடாது என்று அந்தச் சமையலறையில் அக்கா காத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. அது புரிந்ததும் வேகமாக நடந்தேன்.